வெள்ளத்துல மூணு கொட்டேஷன்

எமன் எருமையோட வாசல்ல வந்து நின்னு, "கெளம்புய்யா, நேரமாச்சு"ன்னு பாசக்கயித்தைத் தூக்குனாக்கூட, "செத்த இருங்க, இன்னும் ரெண்டு எடத்துல விசாரிச்சுட்டு வாரேன்"னு சொல்லக்கூடிய ஒரே மனுசன் இந்த மதுரை ஜில்லாவுலயே எங்க ஆபீஸ் ஸ்டோர் சூப்பிரண்டு ஒருத்தருதான். பேரு என்னன்னு கேக்குறீங்களா? சம்பளப் பட்டியல்ல ஏதோ ஒரு பேரு இருந்துச்சு. எங்களுக்கு அவரு 'கொட்டேஷன்'. மொகத்துக்கு முன்னாடி 'சார்', முதுகுக்குப் பின்னாடி 'கொட்டேஷன்'. அது அவருக்கும் தெரியும், அதுல அவருக்கு ஒரு பெருமை வேற.

அரசாங்கத்துல ஒரு பொருள் வாங்கணும்னா சும்மா போயி வாங்கிர முடியாது. மூணு கடையில எழுத்துல விலை கேக்கணும், எது கொறச்சலோ அங்க வாங்கணும். அந்த விலைத்தாளுக்குத்தான் கொட்டேஷன்னு பேரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாட்டு நடப்பு என்ன? சப்ளை பண்ற ஆளே ஒரு மஞ்சப்பையில மூணு லெட்டர்பேடு கொண்டாந்துருவாரு. ஒண்ணு அவரு கடை, ஒண்ணு அவரு பெரியப்பா மகன் கடை, மூணாவது, கடையே இல்லாத ஒரு கடை. மூணையும் ஒரே மேசையில, ஒரே பேனாவுல எழுதிருவாங்க. ஒரு தடவ மேல இருந்த தாள்ல டீ கிளாஸ் வச்ச வட்டம், கீழ இருந்த ரெண்டு தாள்லயும் அதே எடத்துல ஊறி எறங்கியிருந்துச்சு. அதையும் ஃபைல்ல கோத்து, "ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட புண்ணியவான்க நாங்க.

இந்தக் கூட்டத்துல ஒருத்தரு மட்டும் நெசமாவே மூணு கடைக்குப் போயி நெசமாவே மூணு விலை கேட்டாருன்னா, அவர என்னான்னு சொல்றது? பைத்தியம்னுதான் சொன்னோம். சித்திரை வெயில்லயும் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு, ஒரு ஓட்ட மொபெட்டுல ஏறி, விளக்குமாறு வாங்கக்கூட மாசி வீதிய ஒரு சுத்து சுத்தி வருவாரு. சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். "ஏன் சார் இந்த வேகாத வெயில்ல?"ன்னு கேட்டா ஒரே பதில்தான். "வெல கேக்கக் காசு குடுக்க வேணாம்ல தம்பி?"

ஆபீஸ் வாசல்ல வரிசையா மூணு டீக்கடை. மூணுலயும் ஒரே டீ, ஒரே விலை, மேசை தொடைக்கிற துணியில அதே அழுக்கு. மனுசன் தெனமும் மூணு கடையிலயும் நின்னு, "டீ எம்புட்டுப்பா?"ன்னு கேட்டுட்டு மொதக் கடைக்கே திரும்பி வருவாரு. மொதக் கடை மாரிச்சாமி ஒருநா பொறுக்க மாட்டாம எகிறிட்டான்.

"சார், நேத்திருந்த வெலதான் இன்னைக்கும். நான் என்ன தங்கமா விக்கிறேன்?"

"நேத்து வெல நேத்தோட போச்சுப்பா"ன்னு சொல்லிட்டு ரெண்டாங்கடைக்கு நடந்துட்டாரு.

எங்க ஆபீஸ் கேஷியர் ஒருத்தர் காலமானப்ப, மாலை வாங்குற பொறுப்ப எந்தக் கூறுகெட்டவனோ இவருகிட்ட குடுத்துட்டான். பூ மார்க்கெட்டுல கடை கடையா ஏறி எறங்கி, ரோசா மாலையையும் சம்பங்கி மாலையையும் தூக்கித் தூக்கிப் பாத்து, வாங்கிக்கிட்டு சாவு வீட்டுக்கு வந்தா, அங்க வாசல் கழுவிக்கிட்டு இருக்காங்க. மொபெட்டத் திருப்பித் தத்தனேரிச் சுடுகாட்டுக்கு வெரட்டுனாரு. கொள்ளி வைக்கப்போற நேரத்துல "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"ன்னு ஒரு சத்தம். போலீஸ்தான் வந்துருச்சுன்னு செத்தவரு மகன் நடுங்கிப் போயிட்டானாம். இவரு அசராமப் போயி மாலையப் போட்டு, கும்புட்டு, "மூணுல இதான் பூவு நெருக்கமா இருந்துச்சு"ன்னு பொணத்துக்கிட்ட வெளக்கம் வேற சொல்லிட்டு வந்தாரு.

கல்யாணத்தையே அப்படித்தான் பண்ணினாரு. கோச்சடையில அவரு வீட்டுல ஒரு தடவ சாப்புட்டேன். அவரு சம்சாரம் கொழம்ப ஊத்திக்கிட்டே சொன்னாங்க: "மூணு பொண்ணு பாத்துட்டுத்தான் என்னையக் கட்டுனாராம் தம்பி, ஊரெல்லாம் பெருமை பேசுறாரு. எங்கப்பாரும் மூணு மாப்ள வரச் சொல்லியிருந்தாரு. மத்த ரெண்டு பேரும் மழைன்னு வரல." கொட்டேஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டு ரசத்துக்குப் போயிட்டாரு.

இதெல்லாம் சிரிக்கிற கதை. வயித்தெரிச்சல் கதையும் இருக்கு. எங்க ரெக்கார்டு ரூம்ல ஒருநா பட்டப்பகல்ல தீப்புடிச்சுக்கிச்சு. "வாளி! வாளி!"ன்னு கத்துறோம். வாளி இருந்தாத்தான? அது வாங்குற ஃபைலு அவரு மேசையில கெடக்கு. ஏன்னா மூணாவது கடைக்காரன் கொட்டேஷன் குடுக்காம குலதெய்வம் கும்புடப் போயிட்டான். கடைசியில மாரிச்சாமி கடையில கிளாஸ் கழுவுன தண்ணியக் கொண்டாந்து ஊத்தித்தான் தீய அமத்துனோம். அன்னைக்கு நான் அவர என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டுனேன்னு இந்தப் பத்திரிகையில எழுத முடியாது.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு நேர் எதிரு எங்க அதிகாரி. அவருக்கும் நாங்க ஒரு பேரு வச்சிருந்தோம், 'உடனடி'. வாயத் தொறந்தா "உடனடியா", பேனாவத் தொறந்தா "போர்க்கால அடிப்படையில்". அவருக்கு ரொம்பப் புடிச்ச விதி ஒண்ணு உண்டு. ஒரு பொருள் ஒரே ஒருத்தர்கிட்டதான் கெடைக்கும்னா, 'வேறெங்கும் கிடைக்காத பொருள்'னு ஒரு சான்றுல கையெழுத்துப் போட்டுட்டு, மூணு விலை கேக்காம நேரா வாங்கிக்கலாம். உடனடி சாரு பினாயிலுக்கே அந்தக் கையெழுத்தப் போட்டவரு. மருதையில பினாயில் கெடைக்காதாம்! கொட்டேஷனோ சர்வீஸ் பூராவும் அதுல ஒரு தடவகூடக் கையெழுத்துப் போட்டதில்ல. "வேற எங்கயும் கெடைக்காததுன்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாது தம்பி. நாம தேடிப் போகலைங்கிறதுதான் நெசம்"னு சொல்லுவாரு.

அதவிட இனிப்பான விதி ஒண்ணு இருக்கு. வெள்ளம், புயல், தொத்து நோவுன்னு வந்துட்டா மூணு விலையும் வேணாம், டெண்டரும் வேணாம். யாருகிட்ட வேணும்னாலும் நேரா வாங்கிக்கலாம். நல்ல விதிதான், தப்பே சொல்லல. உசுரு போற நேரத்துல எவன் விலைத்தாளக் கட்டிக்கிட்டு அழுவான்? ஆனா எரியிற வீட்டுல புடுங்குனது லாபம்னு ஒரு கூட்டம் இருக்கே, அது அந்த விதிக்காகவே வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கும். விவசாயிகூட அம்புட்டு ஆசையா மேகத்தப் பாக்க மாட்டான்.

சில வருசத்துக்கு முன்னாடி ஒரு கார்த்திகை. அடைமழை. அவனியாபுரத்துக்கு அங்கிட்டு ஒரு கண்மாய் ஒடைஞ்சு, கரையை ஒட்டி இருந்த தெருவெல்லாம் தண்ணி. சனங்கள எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி வச்சோம். வச்சோம்னா அடைச்சோம்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது, தரை ஈரம், விரிக்க ஒரு சாக்குகூடக் கெடையாது.

அவசர ஆர்டர் வந்துருச்சு. உடனடி சாரு மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். போர்வை, பாய், ரொட்டி எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஒரே கம்பெனிக்கு எழுதிட்டாரு. அந்தக் கம்பெனி யாரு? அவரு மச்சினன். அவன் அதுக்கு முந்துன வாரம் வரைக்கும் செல்போன் கவர் வித்துக்கிட்டு இருந்தான். ஆபீஸ் வாட்ஸாப்புல உடனடி சாரு செய்தி போடுறாரு: "நிவாரணப் பொருட்கள் போர்க்கால அடிப்படையில் வந்துகொண்டிருக்கின்றன." போன் பண்ணிக் கேட்டா, "லாரி திருமங்கலம் தாண்டிருச்சுய்யா"ங்கிறாரு. மறுநாள் கேட்டோம், அப்பவும் திருமங்கலம்தான் தாண்டிக்கிட்டு இருந்துச்சு. அப்படி என்ன ஊருய்யா அது, தாண்டத் தாண்டத் தீராம?

அன்னைக்குக் காலையிலதான் பாண்டியம்மா வந்துச்சு. எங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குற அம்மா, வீடு அந்தக் கண்மாய்க்கரையிலதான். முழங்கால் வரைக்கும் சேறு, சேலையெல்லாம் நனைஞ்சு ஒடம்பு வெடவெடங்குது.

"அய்யா, எம்மக பச்ச ஒடம்புக்காரிய்யா. புள்ள பெத்து இன்னும் தீட்டுக்கூடக் கழியல. ஈரத்தரையில புள்ளைய மடியில வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்தே கெடக்கா. புள்ளைக்கு ஒடம்பு சில்லிட்டுப் போச்சு. அரசாங்கம் எம்புட்டோ குடுக்குதாமுல்ல, ஒரே ஒரு பாய் குடுங்கய்யா."

ஆபீஸே எந்திரிச்சு நின்னுருச்சு. உடனடி சாரு எங்கன்னு பாத்தா, வெள்ளத்தப் பாக்க வந்த பெரிய மனுசங்களுக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் டிபன் ஏற்பாட்டுல இருக்காரு. போனுல, "வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லுங்கய்யா"ங்கிறாரு. எல்லாரும் கொட்டேஷனைப் பாத்தோம். மனுசன் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. மாட்டுனாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க ஒரு வார்த்தை:

"மூணு கொட்டேஷன் வாங்கணுமேம்மா."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா? புள்ள சாகக் கெடக்கு, ஒனக்குக் கொட்டேஷன் கேக்குதா?"ன்னு சூப்பிரண்டுன்னும் பாக்காமக் கத்திட்டேன். அவரு மொபெட் சாவிய எடுத்தாரு. "கொடைய எடுத்துக்கிட்டு வெரசா வா"ன்னாரு. நான் திட்டிக்கிட்டேதான் பின்னால ஏறுனேன்.

கொட்டுற மழையில அந்த மொபெட் போச்சுன்னு சொல்றதவிட மெதந்துச்சுன்னு சொல்லலாம். கொடை எனக்குமில்ல, அவருக்குமில்ல, ஸ்டோர் ரசீதுப் பைக்கு. போற வழியில திரும்பிப் பாக்காமக் கத்துறாரு: "அவசர விதியில வாங்கணும்னா, அந்த ஆளு கையெழுத்துப் போடணும். அந்த ஆளு அவரு மச்சினன விட்டு நகர மாட்டாரு. சின்னத் தொகைக்குள்ள மூணு வெல கேட்டு வாங்குனா என் கையெழுத்தே போதும்டா. எது வெரசா முடியும், நீயே சொல்லு!"

நான் திட்டுறத நிறுத்திக்கிட்டேன். மழைத் தண்ணி வாய்க்குள்ள போயிரும்னுதான்.

மொதக் கடை கீழமாசி வீதியில. தார்ப்பாய், பாய், கயிறு விக்கிற அண்ணாச்சி. எங்களப் பாத்ததும் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "ஏண்ணே, ஊரே மெதக்குது, இன்னைக்குமா கொட்டேஷனு?"

"மெதக்குறதாலதாம்ப்பா கேக்குறேன். மெதக்கும்போதுதான் வெல ஏறும்."

ஏறித்தான் இருந்துச்சு. அண்ணாச்சி கூசாம ஒரு விலை சொன்னாரு. கொட்டேஷன் எழுதி வாங்கிக்கிட்டாரு. ரெண்டாங்கடைக்காரன் மொதக் கடை விலையக் கேட்டுட்டு அதுல கொஞ்சம் கொறச்சான்.

மூணாவது, பாய் விக்கிற ஒரு முஸ்லிம் பாயோட கடை. இந்த பாய்க்கும் கொட்டேஷனுக்கும் பழைய பகை. வருசக்கணக்கா விலை குடுத்துருக்காரு, ஒரு தடவகூட ஆர்டர் வாங்குனதில்ல. எப்பவும் ஒரு மயிரிழையில தோத்துருவாரு. எங்களப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு.

"வாங்க சார். சும்மா கேட்டுட்டுப் போகத்தான வந்தீங்க? யா அல்லா, இந்த மழையிலயுமா என்னையத் தோக்கடிக்கணும்?"

"பள்ளிக்கூடத்துல சனம் ஈரத்துல கெடக்கு பாய். பச்சப்புள்ள ஒண்ணு இருக்கு. ஒங்க வெல என்ன?"

பாய் எங்க கையில இருந்த ரெண்டு தாளையும் மொறச்சுப் பாத்தாரு. தாடியத் தடவுனாரு. அப்புறம் ஒரு விலை சொன்னாரு. சாதாரண நாள் விலையவிடக் கொறச்சல். கொட்டேஷனுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. "கட்டுப்படியாகுமா பாய்?"

"ஆகுது, ஆகல, அது என் பாடு. இன்னைக்கு ஒங்ககிட்ட ஆர்டர் வாங்காம நான் கடையச் சாத்த மாட்டேன். எழுதுங்க சார்!"

எழுதுனாரு. பாய் சின்னப்புள்ள மாதிரி ரெண்டு கையையும் தூக்கி, "ஜெயிச்சுட்டேன்!"னு கத்துனாரு. அட்வான்ஸ் கேக்கல. "நீங்க நெசமா வெல கேக்குற ஆளு சார். நெசமாப் பணமும் வரும்"னு சொல்லிட்டு, அவரோட குட்டியானை வண்டியில அவரே பாயையும் தார்ப்பாயையும் அள்ளிப் போட்டு, அவரே ஓட்டிக்கிட்டு எங்க முன்னால போனாரு. மதியச் சோத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல நிக்கிறோம்.

அங்கயாவது சும்மா இருந்தாரா? சனம் பாயத் தூக்க ஓடி வருது, இவரு கைய நீட்டித் தடுத்துட்டாரு. "ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க." எதுக்குன்னு கேட்டா, "தார்ப்பாய் ஒழுகுதான்னு பாக்கணும்ல? பாக்காம எப்படி 'சரியாக உள்ளது'ன்னு எழுதுறது?" வானமே பொத்துக்கிட்டு ஊத்துது, இந்த ஆளு தார்ப்பாய் மேல சொம்புல தண்ணி ஊத்துறாரு! பாய் தலையில அடிச்சுக்கிட்டாரு. சனம் அத்தனையும் வாய்விட்டுச் சிரிச்சுச்சு. அந்த ரெண்டு நாள்ல அங்க கேட்ட மொதச் சிரிப்பு அது.

மொதப் பாய் பாண்டியம்மா மகளுக்கு. விரிச்சு, மேல தார்ப்பாயக் கட்டி, புள்ளையத் துணியில சுத்திப் படுக்க வச்சாங்க. அந்தப் பொண்ணு அப்படியே சுருண்டு படுத்துத் தூங்கிருச்சு. கொட்டேஷன் மை டப்பாவ நீட்டி, "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கைநாட்டும்மா"ன்னு பாண்டியம்மாகிட்ட கேட்டாரு.

"நான் எதுக்குய்யா வைக்கணும்? இது எம்பேரன் படுத்திருக்க பாயி. அவன்கிட்ட வாங்கிக்கங்க"ன்னுச்சு பாண்டியம்மா.

கிண்டல்தான். ஆனா இவரு நெசமாவே குனிஞ்சுட்டாரு. அந்தச் சுண்டெலி அவரு ஆள்காட்டி விரல இறுக்கிப் புடிச்சுக்கிருச்சு. விடல. இவரும் உருவல. குனிஞ்சபடியே ரொம்ப நேரம் நின்னாரு. "சார், போகலாமா?"ன்னேன். "இருடா, ஒடம்பு சூடு ஏறிருச்சான்னு பாக்குறேன்"னாரு. ஏறியிருந்துச்சு.

உடனடி சாரோட லாரி எப்ப வந்துச்சுன்னு கேக்குறீங்களா? தண்ணி வடிஞ்சு, சனம் வீட்டுக்குப் போயி அடுப்புப் பத்த வச்சதுக்கப்புறம் ஒருவழியாத் திருமங்கலத்தத் தாண்டிருச்சு. ரொட்டியில பாசி புடிச்சிருந்துச்சு. போர்வையத் தூக்கிப் புடிச்சா அந்தப் பக்கம் நிக்கிறவன் மூக்கு தெரிஞ்சுச்சு.

வெள்ளம் வடிஞ்சா அடுத்து வர்றது ஆடிட்டு. கூத்தைக் கேளுங்க. மச்சினன் லாரிமேல ஒரு கேள்வி கெடையாது. அவசர விதி இருக்கு, கையெழுத்து இருக்கு, எல்லாம் சுத்தம். மெமோ யாருக்கு வந்துச்சு? கொட்டேஷனுக்கு! "அவசரகால நடைமுறை அமலில் இருந்தபோது சாதாரண நடைமுறையைப் பின்பற்றியது ஏன்?" அவரு ரிட்டயர் ஆகப்போற நேரம் வேற. கடைசி நாள் அன்னைக்கு சஸ்பெண்ட் பண்ணி, வாழ்நாள் உழைப்ப அந்தரத்துல தொங்க விடுறது எங்க டிபார்ட்மெண்டுல பழைய வெளையாட்டு. அவரு சம்சாரம் மீனாட்சிக்கு நேந்துக்கிட்டாங்க. "சார், மன்னிச்சுக்கங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க"ன்னு நான் கெஞ்சுனேன். மனுசன் எழுதுன பதில் ஒரே வரி:

"சாதாரண நடைமுறை சீக்கிரம் முடிந்ததால்."

கடைசி நாள் வரைக்கும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தோம். சாயங்காலம் ஆர்டர் வந்துச்சு. நடவடிக்கை எதுவும் இல்லையாம், ஒரு எச்சரிக்கையோட விடுறாங்களாம். "எதிர்காலத்தில் இதுபோல் நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்." வீட்டுக்குப் போகப்போற ஆளுக்கு எதிர்காலத்துல என்னய்யா நிகழும்? இந்த அறிவாளிகளுக்குத்தான் சம்பளம், படி, கார் எல்லாம்.

வழியனுப்பு விழாவுல உடனடி சாரு, "உடனடியாக ஈடுசெய்ய முடியாத இழப்பு"ன்னு பேசிட்டு மிக்சர் தின்னாரு. எல்லாரும் போன பெறகு பாண்டியம்மா வந்துச்சு. இடுப்புல பேரன், கையில ஒரு மல்லிகப்பூ மாலை. கொட்டேஷன் கண்ணு நேரா மாலைக்குத்தான் போச்சு. பழக்கம் விடுமா?

"இம்புட்டு நெருக்கமாக் கட்டியிருக்கே, எம்புட்டும்மா?"

"தெரியலய்யா. மொதக் கடையிலயே நல்லா இருந்துச்சு, வெல கேக்காம வாங்கிட்டேன். ஒங்களுக்குத்தான?"

அவரு கழுத்துப் பித்தான அவுத்துவிட்டுத் தலையக் குனிஞ்சாரு. அந்தப் பய எட்டி மறுபடியும் அவரு விரலப் புடிச்சுக்கிட்டான்.

அவரு போனதுக்கப்புறம் அந்த நாற்காலியில மூணு பேரு வந்து உக்காந்து பாத்துட்டாங்க. மூணு பேருமே மஞ்சப்பைக் கொட்டேஷன் வாங்குற சமத்துங்க. இப்பவும் மழை வந்து வாட்ஸாப்புல போர்க்கால அடிப்படை ஆரம்பிச்சா, நான் ஜன்னல் வழியா அந்த ஓட்ட மொபெட் சத்தம் கேக்குதான்னு பாக்குறேன். வேற எங்கயும் கெடைக்காததுன்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாதுன்னு அவரு சொன்னாருல்ல? அது மட்டும் தப்பு சார். அந்தக் 'கிடைக்காத பொருள்' சான்றுல ஒங்க பேர எழுதிக் குடுத்தாங்கன்னா, வேற எங்கயும் விசாரிக்காமக் கையெழுத்துப் போட்டுருவேன்.